பார்க் வேலைக்குத்தான் படிப்பேன் என்கிறாள் மகள்

வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இண்டியானாபோலிஸ் பக்கம் வீடு. மகள் மூன்று கோடையாக நகராட்சி நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு. இப்போது 12ஆம் வகுப்பு, பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன், அதாவது பூங்கா, பொழுதுபோக்கு இடங்களை நடத்தும் படிப்புதான் படிப்பேன் என்கிறாள். நினைத்து வைத்திருந்த கல்லூரியிலோ அந்தப் படிப்பையே எடுத்துவிட்டார்கள். "படிப்பே இல்லாத துறையில் வேலை மட்டும் எங்கிருந்து வரும்?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். ஆனால் படிப்பு ஏன் மூடப்படுகிறது என்று பார்த்தால் அதற்கும் வேலைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. உங்கள் இண்டியானா மாநிலத்தில் 2025இல் வந்த சட்டப்படி, அரசுப் பல்கலைக்கழகத்தில் ஓர் இளநிலைப் பட்டத்தை மூன்று ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 15 பேராவது முடிக்க வேண்டும். இல்லையென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். அல்லது மூட வேண்டும், வேறொன்றோடு சேர்க்க வேண்டும். அந்தக் கோடையிலேயே 400க்கு மேற்பட்ட படிப்புகள் மூடவோ, நிறுத்தவோ, சேர்க்கவோ வேண்டிய பட்டியலில் ஏறின. பக்கத்து ஒஹாயோவிலும் இதே மாதிரி சட்டம், அங்கே எல்லை 5 பேர்.

இந்தத் துறை அதில் சுலபமாக மாட்டிக்கொள்கிறது. பார்க் மேலாண்மை படிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு கல்லூரிக்குள் நுழையும் உங்கள் மகள் மாதிரி ஆட்கள் அபூர்வம். பயாலஜியிலோ பிசினஸிலோ சேர்ந்து, பிடிக்காமல், இரண்டாம் ஆண்டில் யாரோ சொல்லிக் கேட்டு மாறி வருபவர்களே அதிகம். இப்போது பிள்ளைகள் பள்ளியிலேயே கல்லூரி கிரெடிட் சேர்த்துக்கொண்டு, சேரும்போதே மேஜரை (முதன்மைப் பாடத்தை) முடிவு செய்துவிடுகிறார்கள். அப்படி அலைந்து திரிந்து வந்து சேர நேரமில்லை. அதோடு, அமெரிக்காவில் 2007இல் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தார்கள், அப்புறம் இறங்குமுகம்தான். கல்லூரிகளுக்கு வரும் கூட்டமே குறையப் போகிறது, சின்னத் துறைகள் முதலில் அடிபடுகின்றன. சில இடங்களில் படிப்பு சாகவில்லை, ஸ்போர்ட் மேனேஜ்மென்ட், டூரிசம், ஈவென்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டு வேறு துறைக்குள் ஒதுங்கியிருக்கிறது. பெயரை வைத்துத் தேடாமல் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள்.

வேலைக்கு எடுப்பவர்கள் என்ன கேட்கிறார்கள்? ஏதாவது நகராட்சி விளம்பரத்தைப் பாருங்கள்: "ரிக்ரியேஷன், பொது நிர்வாகம் அல்லது தொடர்புடைய துறையில் பட்டம்" என்றிருக்கும். எந்தப் பட்டத்தையும் ஏற்றுக்கொள்வதால்தான் இந்தப் பட்டத்துக்கு ஆள் வரவில்லை என்றும் சொல்லலாம். இத்துறையின் தேசியச் சங்கமான என்.ஆர்.பி.ஏ. இத்துறையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தரும் சி.பி.ஆர்.பி. என்ற தொழில் சான்றிதழும் அப்படித்தான். அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர் நேராகத் தேர்வு எழுதலாம். அங்கீகாரம் இல்லாத ரிக்ரியேஷன் பட்டம் என்றால் ஒரு வருட அனுபவம் வேண்டும். சம்பந்தமில்லாத பட்டம் என்றால் மூன்று வருடம். பள்ளிப்படிப்பு மட்டும் என்றால் ஐந்து. ஆக அந்தப் பட்டத்தின் விலை, கணக்குப் போட்டால், மூன்று வருட அனுபவம். அதற்காக வேறு மாநிலக் கட்டணம் கட்டி ஓட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உள்ளூர் அரசுக் கல்லூரியில் பொது நிர்வாகம் படித்து, கூடவே நகராட்சியில் பகுதிநேர வேலை பார்த்தால் போதும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தவற விடாதீர்கள். மருத்துவமனை, முதியோர் இல்லம், மனநல மையங்களில் விளையாட்டு, கலை போன்றவற்றையே சிகிச்சையாகத் தரும் ரிக்ரியேஷனல் தெரபி. அதற்கான சி.டி.ஆர்.எஸ். சான்றிதழைப் படிப்பு முடித்த கையோடு வாங்கக் குறிப்பிட்ட பாடங்களும், 14 வாரம், 560 மணி நேரப் பயிற்சியும் கட்டாயம். "தொடர்புடைய துறை" என்ற சலுகை இங்கே எடுபடாது. சம்பளமும் சாதாரண ரிக்ரியேஷன் வேலையைவிட நல்ல வித்தியாசம், ஆண்டுக்கு 60,000 டாலரை ஒட்டி வருகிறது. மார்ட்டின்ஸ்வில் அருகே பிராட்ஃபோர்டு வுட்ஸில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான கேம்ப் ரைலி நடக்கிறது. ஒரு கோடை அங்கே போய் வேலை பார்த்தால், தனக்கு இது ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். வெளிப்புறப் பொழுதுபோக்குத் துறை 2023இல் 1.2 டிரில்லியன் டாலர், 50 லட்சம் வேலை என்று கல்லூரி விளம்பரங்களில் போடுவார்கள். எண் பொய்யில்லை. ஆனால் அதில் படகு விற்பனையும் ஆர்.வி. என்ற தங்கும் வசதியுள்ள வண்டி விற்பனையும் சேர்த்தி. நகராட்சிக் குளத்து மேற்பார்வையாளரின் சம்பளச் சீட்டு வேறு கதை. அந்த வேலையில் காலையில் குளோரின் அளவு பார்க்க வேண்டும், கேம்ப் வேலைக்கு வராத பையனுக்குப் பதில் ஆள் பிடிக்க வேண்டும். இடி கேட்டால் எல்லாரையும் கரையேற்றி, கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம், கத்தும் பெற்றோருக்கு நடுவே, காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் மூன்று கோடையாகப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகும் வேண்டும் என்கிறாள். இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சம்பளம் வாங்கி வேலை பார்த்தாள் என்பதால் எச்4 (வேலை பார்க்க அனுமதியில்லாத சார்பு விசா) சிக்கல் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பச்சை அட்டையா, குடியுரிமையா? தேசியப் பூங்கா ரேஞ்சர் கனவு இருந்தால் கேட்கிறேன். மத்திய அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும். 2025இல் அங்கே நடந்த ஆள்குறைப்பையும் பார்த்திருப்பீர்கள், அதை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம். நகராட்சியில் பொதுவாக வேலை செய்யும் அனுமதி போதும்.

அப்படியும் இந்தப் படிப்பிலேயே சேரப் போகிறாள் என்றால், கல்லூரியில் துறைத் தலைவரிடமே கேளுங்கள்: கடந்த மூன்று வருடம் எத்தனை பேர் முடித்தார்கள்? அங்கீகாரம் எந்த வருடம் வரை? முழுநேர ஆசிரியர் எத்தனை பேர்? நடுவில் மூடினால் சேர்ந்தவர்களை முடிக்க வைப்பீர்களா, எழுத்தில் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

அதற்கு முன் ஒன்று. அவள் வேலை பார்த்த குளத்தின் மேலாளர் என்ன படித்தார், இந்த நாற்காலிக்கு எப்படி வந்தார் என்று அவளையே போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரரும் கூடப் போனால் இன்னும் நல்லது. மேலாளர் சொன்னதை எனக்கு எழுதுங்கள், அப்புறம் கல்லூரிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம்.