சனிக்கிழமைச் சம்பளத்துக்கு ஒரு பணச் செயலி

கேள்வி: பெருந்துறைப் பக்கம் பொறியியல் முடித்த மூன்று பேர் சேர்ந்து, இருபதுகளில் இருப்பவர்களுக்காக வரவு செலவு பார்க்கும் செயலி ஒன்று செய்திருக்கிறோம். பட்ஜெட் போடலாம், செலவை வகை பிரிக்கலாம், மாதக் கடைசியில் வட்டப்படம் வரும். கோவையில் ஐடி வேலையில் இருக்கும் நண்பர்கள் விடாமல் பயன்படுத்துகிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்களும் பெண்களும் இரண்டே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். எதை மாற்றுவது? எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கலாமா?

பதில்: உங்கள் செயலி மாதச் சம்பளக்காரர்களுக்காகச் செய்தது. கோவை சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்ப்பவருக்கு மாதம் ஒருமுறை, ஒரே தொகை, வங்கிக் கணக்கில் விழுகிறது. அவருக்கு தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 சதவீதம் என்று பிரித்துக் காட்டினால் புரியும். திருப்பூரில் டெய்லராகவோ செக்கிங்கிலோ இருப்பவருக்குப் பெரும்பாலும் வாரச் சம்பளம். ஷிப்ட் கணக்கு, அல்லது முடித்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட். ஆர்டர் நெருக்கும் வாரத்தில் தினம் ஒன்றரை ஷிப்ட் ஓடும், ஆர்டர் இல்லாத வாரத்தில் ஒரு ஷிப்டே பெரிய விஷயம். அதாவது வரவு வாரக்கணக்கில் ஏறி இறங்குகிறது. ஆனால் அறை வாடகை, வண்டி டியூ, சீட்டு மூன்றும் மாதக்கணக்கில், ஒரே தொகையாக நிற்கின்றன. அவருடைய பணச் சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நீங்களோ டீக்கும் பரோட்டாவுக்கும் எவ்வளவு போனது என்று படம் போட்டுக் காட்டுகிறீர்கள். அது அவருக்கே தெரியும்.

ஆகவே முதல் திரையில் ஒரே ஓர் எண் போதும்: அடுத்த சம்பளம் வரை எடுக்கக்கூடிய பணம். வட்டப்படத்தை உள்ளே எங்காவது வைத்துக்கொள்ளுங்கள், எடுத்துவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்த எண் எப்படி வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் 9 ஷிப்ட், 5,400 ரூபாய். மாதத்தில் வண்டி டியூ 3,600, அறை வாடகையில் அவர் பங்கு 2,000, சீட்டு 2,000. ஆக 7,600. கெடு தேதிக்கு முன் நான்கு சனிக்கிழமை இருந்தால் வாரம் 1,900 ஒதுக்க வேண்டும். மீதி 3,500, ஒரு நாளைக்கு 500. நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரம் 6 ஷிப்ட்தான் என்றால் வரவு 3,600. அதிலும் 1,900 எடுத்தால் மிஞ்சுவது 1,700, ஒரு நாளைக்கு 240 சொச்சம். அந்த வாரத்தில்தான் அவர் ஒதுக்கிய பணத்தில் கை வைப்பார், அல்லது கைமாத்து வாங்குவார். அத்தோடு உங்கள் செயலியையும் திறக்கமாட்டார்.

அதனால் சமமாக ஒதுக்கச் சொல்லாதீர்கள். நல்ல வாரத்தில் 2,400, மந்த வாரத்தில் 1,400 என்று எடுத்தாலும் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து அதே 3,800 வந்துவிடும். கையில் நிற்பது 3,000, 2,200. இந்த ஏற்ற இறக்கத்தைச் செயலி தானாகச் செய்ய வேண்டும். சனிக்கிழமை மாலை ஒரே கேள்வி: "இந்த வாரம் எத்தனை ஷிப்ட்?" பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு "எவ்வளவு வந்தது?" மற்றதை நீங்கள் கணக்குப் போடுங்கள். கணக்கையும் மாதத்தை நான்கால் வகுத்துப் போடாதீர்கள். கெடு தேதிக்கு முன் எத்தனை சனிக்கிழமை மீதி இருக்கிறது என்று எண்ணுங்கள், ஐந்து சனிக்கிழமை வரும் மாதமும் உண்டு.

ஒதுக்கிய பணம் உட்காரும் இடம் முக்கியம். பயனாளர் பணத்தைச் செயலிக்குள்ளேயே வாங்கி வைக்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும், அந்தப் பக்கம் போகாதீர்கள். டியூ பிடிக்கும் கணக்கு ஒன்று, யுபிஐ இணைத்துச் செலவழிக்கும் கணக்கு வேறொன்று என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை ஒதுக்கியதை உடனே டியூ கணக்குக்கு மாற்ற ஒரு பொத்தான் கொடுங்கள். கணக்கில் பணம் இல்லாமல் டியூ திரும்பினால் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்த நிறுவனம் இன்னொரு கட்டணம் போடும். தாமதம் நீண்டால், கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறும். இதைப் பயமுறுத்தாமல், தேதிக்கு மூன்று நாள் முன்னால் "டியூ கணக்கில் 700 குறைகிறது" என்று மட்டும் சொல்லுங்கள்.

ரொக்கச் செலவை ஒவ்வொன்றாகப் பதியச் சொன்னதும் ஆட்கள் விலகக் காரணம் என்று நினைக்கிறேன். வாரம் ஒருமுறை கையில் இருப்பதை எண்ணிப் போடச் சொல்லுங்கள். கணக்கில் இடிக்கும் தொகை கைச்செலவு, அவ்வளவுதான்.

இனி சீட்டு. கொங்குப் பக்கம் செயலி செய்துவிட்டு சீட்டை "இதர செலவு" என்று போட்டால் எப்படி? ஏலச்சீட்டு எடுப்பதற்கு முன் சேமிப்பு, எடுத்த பிறகு கடன். ஒரே சீட்டுக்கு இரண்டு நிலை என்பதை உங்கள் தரவு அமைப்பே தாங்க வேண்டும். 20 பேர், ஆளுக்கு 5,000, ஒரு லட்சம் சீட்டு என்று எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஏலத்தில் 20,000-ஐ விட்டுக்கொடுத்து (தள்ளி) எடுக்கிறார், கைக்கு 80,000 வருகிறது. சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 15,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 750. அந்த மாதம் கட்ட வேண்டியது 4,250. அடுத்த மாதம் தள்ளு மாறும், கட்டும் தொகையும் மாறும். ஆகவே நிலையான மாதத் தவணைக் கட்டம் இதற்குச் சரிவராது. ஒதுக்குவதற்கு முழு 5,000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஏலம் முடிந்து வரும் கழிவைக் கூடுதல் மிச்சமாகக் காட்டுங்கள். பயனாளர் "சீட்டு எடுத்துவிட்டேன்" என்று தொட்டதும், மீதித் தவணைகள் கடன் பட்டியலுக்குப் போக வேண்டும். எடுக்காத சீட்டில் கட்டிய பணத்தையும் வங்கி இருப்போடு கூட்டி "உங்கள் மொத்தச் சொத்து" என்று பெருமையாகக் காட்டாதீர்கள். கைக்கு வந்தால்தான் அது பணம். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா, தெரிந்தவர் நடத்தும் சீட்டா என்று ஒரு கட்டம் வைத்தால் போதும், உபதேசம் வேண்டாம்.

நகைச் சீட்டு சுலபம். பதினொரு மாதம், கடைசியில் நகையாகத்தான் கிடைக்கும். பொருளுக்கு வாங்கும் முன்பணம் 365 நாளைத் தாண்டினால் அதை வைப்புத்தொகையாகக் கருதும் விதி இருப்பதால்தான் இந்தப் பதினொரு மாதம். அவசரத்துக்கு எடுக்கக்கூடிய சேமிப்பில் இதைச் சேர்க்காதீர்கள்.

சீர், மொய், ஊர் நோம்பி (கோயில் திருவிழா) வரி மூன்றும் திடீர்ச் செலவு என்று எல்லாரும் சொல்வார்கள். நோம்பி எந்த மாதம் என்று ஊருக்கே தெரியும், அக்கா பிள்ளைக்குக் காது குத்து என்றால் மாமன் சீர் யார் தலையில் என்பதும் தெரியும். ஆண்டுக் காலண்டர் ஒன்று கொடுத்து, ஆங்கிலத் தேதியோடு தமிழ் மாதமும் காட்டுங்கள். மொய்க்கு, கொடுத்தது வந்தது இரண்டும் பெயரோடு நிற்கும் ஒரு நோட்டு. அம்மாவிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கும், அதைப் பார்த்து வடிவமைத்தால் சரியாக வரும். தீபாவளி போனஸுக்குக் கேள்வியை போனஸ் வருவதற்கு முன்பே கேளுங்கள். வந்த பிறகு கேட்டால் பதில் இருக்கும், பணம் இருக்காது.

எஸ்எம்எஸ் விஷயம். ஆண்ட்ராய்டில் பட்ஜெட் பார்க்கும் செயலிகளுக்கு விதிவிலக்காக அந்த அனுமதி கிடைக்க வாய்ப்பு உண்டு. கூகுள் பிளேயில் தனியாக அறிவிப்புப் படிவம் நிரப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். ஐபோனில் வழியே கிடையாது. சிறிய யுபிஐ தொகைகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பாத வங்கிகளும் உண்டு, அதனால் கணக்கு அரைகுறையாகத்தான் வரும். படித்தாலும் போனுக்குள்ளேயே படியுங்கள், உங்கள் சர்வருக்கு அனுப்பாதீர்கள். 2021-இல் நடைமுறைக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறையில் பயனாளர் சம்மதத்தோடு வங்கி விவரத்தை நேரடியாகப் பெறலாம். ஆனால் ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி போன்ற ஏதாவது ஒன்றின் கட்டுப்பாட்டில் பதிவு பெற்ற நிறுவனம்தான் பெற முடியும். மூன்று பேர் கம்பெனிக்கு அது இரண்டாம் கட்ட வேலை. முதல் வடிவத்துக்குச் சனிக்கிழமைக் கேள்வியும் கைப்பண எண்ணிக்கையும் போதும் என்பது என் கருத்து.

ஆட்கள் சேர்ந்ததும் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் தேடி வரும், ஒவ்வொரு கடனுக்கும் கமிஷன் தருகிறோம் என்பார்கள். மந்த வாரத்தில் கை வறண்டிருப்பவரின் திரையில் "உடனடிக் கடன்" என்று காட்டினால் நிச்சயம் தொடுவார், உங்களுக்கு வருமானமும் வரும். அடுத்த மாதம் ஒதுக்க வேண்டிய பட்டியலில் இன்னொரு டியூ ஏறும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடன் விளம்பரமே வைக்கமாட்டேன், சிறு சந்தா வைத்துப் பார்ப்பேன். போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்காதீர்கள். கடன் செயலிகளால் பட்டவர்கள் அந்த அனுமதியைப் பார்த்ததுமே செயலியை நீக்கிவிடுவார்கள்.

அப்புறம், விடுதி அறையில் நான்கைந்து பேர் இருப்பார்கள், போன் கைமாறும். தொகைகள் தொட்டால்தான் தெரிய வேண்டும், பூட்டிய திரையில் வரும் அறிவிப்பில் ரூபாய் வரக்கூடாது. இது பெண்களுக்கு இன்னும் முக்கியம். எவ்வளவு மிச்சம் என்று வீட்டில் தெரிந்துவிட்டால் அது மிச்சமாக இருக்காது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் தகவலைக் கையாள, 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. ஆகவே இப்போதைக்கு 18-க்கு மேல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழிலும் கொடுங்கள்.

மாற்றியதும் மறுபடி ஐடி நண்பர்களிடம் காட்டாதீர்கள். விட்டுப்போன அதே ஊர்க்காரர்களில் நாலு பேரிடம், சம்பளம் வாங்கி அறைக்குத் திரும்பும் சனிக்கிழமை இரவில் கொடுங்கள். பிறகு புதன்கிழமை போன் போட்டு, இன்று எவ்வளவு எடுக்கலாம் என்று செயலி காட்டுகிறது, கையில் நிஜமாக எவ்வளவு இருக்கிறது என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும் வரை வேறு வசதி எதையும் சேர்க்க வேண்டாம்.