மதுரை வெயிலில் தினமும் ஜீன்ஸ் போடலாமா? கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

கேள்வி: மதுரையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பாதி நாள் பஸ், பாதி நாள் டூவீலர். தினசரி ஜீன்ஸ் போட்டால் இந்த வெயிலுக்குத் தாங்குமா? கடைக்குப் போனால் ரெகுலர், நேரோ, லைக்ரா, மங்கி வாஷ் என்று அடுக்குகிறார்கள். எனக்குத் தேவையானதை எப்படிச் சொல்லிக் கேட்பது?

பதில்:

தாராளமாகப் போடலாம். எந்த ஜீன்ஸ் என்பதுதான் பேச்சு. ரெகுலர், நேரோ, மங்கி வாஷ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மதுரைக்காரர் முதலில் கேட்க வேண்டியது துணியின் கனம். அதை வாங்குகிறவர் கேட்பதும் இல்லை, விற்கிறவர் சொல்வதும் இல்லை.

நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு ரெடிமேட் கடையில் கவுண்டரில் நின்றவன். இப்போது ஆல்ட்ரேஷன் வேலை மட்டும். ஜீன்ஸ் வாங்கும்போது ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று அங்கே கேட்டேன். போட்டு ஓய்ந்த பிறகு என்ன பேசுகிறார்கள் என்று இங்கே கேட்கிறேன். இரண்டு பேச்சுக்கும் சம்பந்தமே இருக்காது. வாங்கும்போது கலர், வாஷ், ஒரு நடிகர் எந்தப் படத்தில் என்ன போட்டிருந்தார் என்ற கதை. என்னிடம் வரும்போது “அண்ணே, வண்டியில உட்கார்ந்தா பின்னாடி இறங்குது”, “முட்டி தள்ளிருச்சுண்ணே”, “தொடைப் பக்கம் உரசி உரசித் தேஞ்சுபோச்சு”, “மத்தியானம் போட்டிருக்க முடியல, கசகசன்னு இருக்கு”. இந்த இரண்டாவது பேச்சைக் கடையிலேயே பேசிவிட்டால் பாதித் தொல்லை இருக்காது.

கனத்துக்கு வருவோம். டெனிம் துணியை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர கெஜம் துணியின் எடை அது. 14 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 475 கிராம். 10 அவுன்ஸ் ஏறத்தாழ 340 கிராம், 8 அவுன்ஸ் 270. நீங்கள் போடும் சாதாரணப் பருத்திச் சட்டைத் துணி பெரும்பாலும் 150 கிராமைத் தாண்டாது. சித்திரை, வைகாசியில் 14 அவுன்ஸைப் போட்டுக்கொண்டு கோரிப்பாளையம் சிக்னலில் நிற்பவருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதே இல்லை. தினசரிக்கு 8 முதல் 10 அவுன்ஸ் போதும். வண்டி ஓட்டும் நாள்தான் அதிகம் என்றால் 10, 11 வரை போகலாம். சீட்டில் உரசும் இடம் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும்.

சிக்கல் என்னவென்றால், தொங்கும் லேபிளில் பெரும்பாலும் இந்த எண் இருக்காது. அதனால் கையால்தான் பார்க்க வேண்டும். ஒரு காலை மட்டும் பிடித்து இரண்டு விரலுக்கு நடுவே மடித்துப் பாருங்கள். மடிப்பு தடித்து விறைப்பாக நின்றால் அது மார்கழிக்கான துணி. மடங்கிச் சரிந்தால் எடுக்கலாம். ஆனால் விரல் நிழல் தெரியும் அளவுக்கு மெலிதாக இருந்தால் வேண்டாம், அது தொடையில் சீக்கிரம் போய்விடும். கடைப் பையனிடம் “வெயிலுக்கு லேசான துணியா காட்டுங்க தம்பி” என்றாலே போதும், அவனுக்குப் புரியும். அவுன்ஸ் கணக்கில் கேட்டால் ஓனரைக் கூப்பிடுவான்.

இந்தத் துணி இவ்வளவு முரடாகப் பிறந்ததற்குக் காரணம், அது நமக்காகப் பிறக்கவில்லை. அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், கூலிவேலை செய்பவர்களின் பேண்ட் பாக்கெட் ஓரத்தில் கிழிகிறது என்று அங்கே செம்பு ஆணி அடித்துக் கொடுத்தார். அவருக்குத் துணி கொடுத்த வியாபாரி லீவை ஸ்ட்ராஸ். இருவரும் சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்றைக்கு நம் ஆட்கள் பாக்கெட்டில் வைப்பது செல்போன் ஒன்றுதான். ஆனாலும் அந்த ஆணி போகவில்லை. பாக்கெட் வேலை பார்க்கும்போது அதில் பட்டு ஊசி உடைகிற கடுப்பு என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். 16ஆம் நம்பர் ஊசி, தேவைப்பட்டால் 18 போட்டு, தையல் மேல் தையல் ஏறும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பதமாக்கித்தான் மிஷினுக்குள் விடுகிறோம்.

அடுத்து உள்ளே இருக்கும் சின்ன லேபிள். 98 சதவீதம் காட்டன், 2 சதவீதம் எலாஸ்டேன் என்று இருந்தால் அதைத்தான் கடையில் ‘லைக்ரா’ என்கிறார்கள். லைக்ரா இருந்தால் பஸ் படி ஏறச் சௌகரியம், உட்கார்ந்து எழுந்தாலும் பிடிக்காது. ஆனால் அந்த இழைக்குச் சூடு ஆகாது. கொதிக்கும் அயர்ன், பிளீச் இரண்டும் அதைக் கொல்லும். அது செத்த பிறகுதான் முட்டி தள்ளுவது, பின்பக்கம் தொளதொளப்பது எல்லாம். அதே லேபிளில் பாலியஸ்டர் 20, 30 என்று எழுதியிருந்தால் மதுரைக்கு வேண்டாம். விலை குறைவாக இருக்கும், வேர்வையை உறிஞ்சாது. துணி லேசாகத்தானே இருக்கிறது என்று எடுத்தவர்கள்கூட மத்தியானம் கசகசக்கிறது என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். அதற்கு என் தையலில் மருந்து இல்லை.

இப்போது பெயர்கள். இவற்றை நம்பி வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. ஒரு கம்பெனியின் ‘ஸ்லிம்’ இன்னொரு கம்பெனியின் ‘ரெகுலர்’. கர்நாடகத்துப் பெல்லாரியிலிருந்து பிராண்ட் இல்லாமல் இங்கே வந்து இறங்கும் சரக்கில் ஒரே மூட்டைக்குள்ளேயே பீஸுக்குப் பீஸ் மாறும். அகலக் காலை அந்தக் காலத்தில் பெல்பாட்டம் என்றார்கள், சுருக்கமாக பெல்ஸ். ஒட்டிப் பிடித்ததை வீட்டுப் பெரியவர்கள் குழாய் பேண்ட் என்றார்கள், காலேஜ் பையன்கள் பென்சில் ஃபிட் என்றார்கள். இப்போது பையன்கள் மறுபடியும் ‘பேகி’ கேட்கிறார்கள், அப்பாக்கள் “இது என்னடா தொளதொளன்னு, உங்க சித்தப்பா பேண்ட்டை எடுத்துட்டு வந்தியா” என்கிறார்கள். சித்தப்பா போட்டபோது அவருக்கும் திட்டு விழுந்திருக்கும்.

பெயரை விட்டுவிட்டு நாலு இடத்தைச் சொல்லுங்கள்: இடுப்பு, ரைஸ், தொடை, பாட்டம் (காலின் அடி வாய்). இடுப்பில் 32 என்று போட்டிருப்பதை டேப் வைத்துப் பிடித்தால் 33, 34 வருவது சகஜம். அதனால் வீட்டில் உங்களுக்குச் சரியாக இருக்கும் பேண்ட் ஒன்றைத் தரையில் விரித்து அளந்து அந்த எண்களைப் போனில் எழுதிக்கொண்டு போங்கள். ரைஸ் என்பது கவட்டுத் தையலிலிருந்து முன்பக்கம் இடுப்புப் பட்டி வரை. டூவீலர் ஓட்டுபவர்கள் இதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். எட்டு அங்குலத்துப் பக்கம் இருந்தால் அது ‘லோ ஹிப்’, வண்டியில் குனிந்து உட்கார்ந்ததும் பின்னால் இறங்கும், பெல்ட் போட்டாலும் நிற்காது. பத்து, பத்தரை இருந்தால் நிம்மதி. இந்தக் குறையை ஆல்ட்ரேஷனில் சரிசெய்ய முடியாது. இடுப்பைப் பிடிக்கலாம், பாட்டத்தைச் சுருக்கலாம், இல்லாத துணியை மேலே எங்கிருந்து கொண்டுவருவது?

தொடையில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி கையில் வர வேண்டும். காற்று போகும், உரசலும் குறையும். பாட்டம் சுற்றளவு 13, 14 அங்குலம் என்றால் ஒட்டின மாதிரி, 16 நேராக விழும், 18க்கு மேல் போனால் இன்றைய பேகி. “பாட்டம் பதினாறு, தொடை கொஞ்சம் லூஸ், ரைஸ் பத்துக்குக் குறையாம” என்று கடையில் சொல்லிப் பாருங்கள். எந்தப் பெயர் ஒட்டிய பீஸாக இருந்தாலும் சரியானது கைக்கு வந்துவிடும்.

பெண்கள் என்னிடம் சொல்வது வேறு மாதிரி. முதல் புகார் பாக்கெட். “அண்ணா, இதுல போன் பாதிதான் உள்ள போகுது” என்று போனையே எடுத்து வைத்துக் காட்டுவார்கள். உள்பையை வெட்டி, கீழே துணி சேர்த்து ஆழப்படுத்தித் தருவேன். என் கடையில் அடிக்கடி வரும் வேலைகளில் அதுவும் ஒன்று. இரண்டாவது, கூட வரும் அம்மாவின் நிபந்தனை. “டைட்டா இருக்கக் கூடாது, ஆனா அவளுக்குப் பிடிக்கணும்.” இதற்கு நான் கண்ட வழி, ரைஸ் உயரமான, காலில் நேராக விழும் பீஸ், மேலே முட்டிக்குக் கொஞ்சம் ஏறின குர்தி. மகளும் அம்மாவும் ஒரே பீஸைப் பார்த்துத் தலையாட்டுவது அதில்தான்.

வாஷ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். டெனிமில் நெடுக்கே ஓடும் பாவு நூலுக்கு மட்டும்தான் நீலச் சாயம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. அதனால்தான் உள்பக்கம் வெளுப்பாக இருக்கிறது. அந்த நீலமும் நூலின் மேல்பூச்சாகத்தான் நிற்கும், நடுத்தண்டுக்குப் போகாது. கல்லைப் போட்டு உருட்டி மேல்பூச்சைத் தேய்த்தால் ‘ஸ்டோன் வாஷ்’. தொடையிலும் பின்பக்கத்திலும் மட்டும் திட்டாக வெளுக்க வைத்தால் ‘மங்கி வாஷ்’, அதற்குப் பெரும்பாலும் பெர்மாங்கனேட் என்ற ரசாயனம் தெளிப்பார்கள். முன்பு மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தும் வெளுக்க வைத்தார்கள். அந்தத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களின் நுரையீரல் கெட்டுப்போய் 2009ல் துருக்கி அந்த முறைக்கே தடை போட்டது. ‘டேமேஜ்’ ஜீன்ஸில் கிழிசலுக்கு நடுவே வெள்ளை நூல் குறுக்கே கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீலப் பாவை மட்டும் அறுத்து ஊடையை விட்டுவைப்பதுதான் அந்த வேலை. தினசரிக்கு அது உதவாது. அவசரமாகக் கால் நுழைக்கும்போது கட்டைவிரல் மாட்டி, இரண்டு அங்குலக் கிழிசல் எட்டு அங்குலமாகும்.

தினசரிக்கு வாஷ் இல்லாத அடர் நீலம் அல்லது கறுப்பு எடுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. “ஜீன்ஸ்தான் வேணும், ஆனா பார்த்தா ஜீன்ஸ் மாதிரி தெரியக் கூடாது” என்று கேட்டு வருபவர்கள் இந்த ஊரில் நிறைய. ஆபீஸ் காரணம், காலேஜ் காரணம், கோயில் காரணம். உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு போட்ட உத்தரவால் 2016 ஜனவரி 1 முதல் கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு வந்தது நினைவிருக்கலாம். ஆண்களுக்கு வேட்டி, பைஜாமா, ‘ஃபார்மல் பேண்ட்’ என்று பட்டியல் போட்டதில் ஜீன்ஸ் வெளியே நின்றது. அந்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதற்கு இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமை மீனாட்சி கோயிலுக்குப் போகிறவர்கள், வாசலில் யாரும் ஏதும் சொல்லிவிடக் கூடாது என்று அடர் நிறமாகவே கேட்கிறார்கள். மஞ்சள் நூல் தையல் இல்லாமல், அதே நிற நூலில் தைத்திருந்தால் தூரத்தில் வெறும் பேண்ட்தான். உங்கள் ஆபீஸில் என்ன வழக்கம் என்பதை முதல் வாரமே பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

துவைப்பதில் ஒன்று. சாயம் நிற்கக் கல்லுப்பில் ஊறவைக்கச் சொல்லி வீட்டில் அத்தை, பெரியம்மா எல்லாம் சொல்வார்கள். ஜீன்ஸின் நீலம் இண்டிகோ சாயம், அதற்கு உப்பு ஒன்றும் செய்யாது. அடர் நீலத்தை முதல் சில தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவையுங்கள். காயப் போடுவதும் அப்படியே திருப்பி, நிழலில். மொட்டைமாடி வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும்தான், நிறமும் அதோடு போகும். அந்த முதல் சில துவைப்பு முடியும்வரை வெள்ளை சீட் கவர் போட்ட வண்டியில் உட்காராதீர்கள், வேர்வையில் நீலம் ஒட்டும், துடைத்தால் போகாது. ஐப்பசி மழையில் இரண்டு நாள் ஆனாலும் இடுப்புப் பட்டி காயாது, ஈரத்தோடு போட்டால் நாறும். அதனால் தினசரிக்கு மூன்று பீஸாவது வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் தெற்கு மாசி வீதிப் பக்கம் ஜீன்ஸ் எடுக்கப் போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் ட்ரையல் ரூமுக்கு நிற்க முடியாது, இடுப்பில் வைத்துப் பார்த்து “சரியாத்தான் இருக்கும்ணே” என்று பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியதும் கால் நீளம் குறைக்க ஓட வேண்டாம். ஒரு தடவை துவைத்துக் காயவைத்துவிட்டு, எந்தச் செருப்போ ஷூவோ தினமும் போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டே தையல் கடைக்குப் போங்கள். வெட்டும் முன் “ஒரிஜினல் ஓரத்தையே திருப்பி வச்சுத் தைங்கண்ணே” என்று சொல்லுங்கள். காசு கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுக்கலாம்.