பிடித்தது ஏன் கைவிட்டுப் போகிறது?

நடுவயதில் பொழுதுபோக்குகள் நின்றுபோவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் கேட்டவையும் உளவளத்துணையாளர் ஒருவரின் பதில்களும்.

களுவாஞ்சிக்குடி, 46 வயது: முன்பு ஒரு நாவலை ஒரே இரவில் முடிப்பேன். இப்போது பத்துப் பக்கத்தில் அலுத்துவிடுகிறது. ஆர்வம் போய்விட்டதா அண்ணன்?

முதலில் கண்ணைப் பாருங்கள் தங்கச்சி. நாற்பதைத் தாண்டினால் கண்வில்லை இறுகி, கிட்ட உள்ள எழுத்து மங்கும். வெள்ளெழுத்து என்பது இதுதான். புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கிறீர்களா, இரவில் வாசித்தால் தலை வலிக்கிறதா? அப்படியென்றால் கண்ணாடி போடுங்கள். 'மனம் விட்டுப்போச்சு' என்று வருபவர்களிடம் நான் முதலில் மனத்தைத் தேடுவதில்லை. கண், முழங்கால், தூக்கம், கூட்டாளி, இதில் எது இடறுகிறது என்றுதான் கேட்பேன்.

வந்தாறுமூலை, 52: இளமையில் வடமோடிக் கூத்து ஆடினேன். இப்போது முழங்கால் விடவில்லை. ஊரில் கூத்து என்றால் பார்க்கப் போகவும் மனமில்லை.

பார்க்க மட்டும் போனால் வயிறெரியத்தான் செய்யும் அண்ணன். ஒரு வேலையோடு போங்கள். ஆளாளுக்குப் பாத்திரம் பிரித்துச் சட்டங்கொடுப்பதில் தொடங்கி, சதங்கை அணிந்து, முழு ஒத்திகையாக அடுக்குப்பார்த்து, அரங்கேற்றம் வரை மாதக்கணக்காகப் பழகும் கலை இது. ஆடுகிறவர்களை மட்டும் வைத்து அது நடக்காது. பக்கப்பாட்டுக்கு ஆள் வேண்டும், சல்லாரி என்ற கைத்தாளத்துக்கு ஆள் வேண்டும், தாளம் தப்பும் பொடியனைப் பக்கத்தில் இருத்தித் தரு என்ற கூத்துப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் வேண்டும். பழகும் இரவு ஒன்றில், கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் போய் "சல்லாரி போடட்டா?" என்று கேளுங்கள். ஆட்டம் தெரிந்தவர் பக்கத்தில் நின்று பாடுவது அவருக்குப் பெரிய உதவி. முழங்கால் வீங்கினால் அதற்கு வைத்தியரிடம் போங்கள், அது வேறு அலுவல்.

கல்முனை, 43: தையல் பிடிக்கும். நேரம் கிடைத்தால் செய்யலாம் என்று வைத்திருக்கிறேன்.

கிடைக்காது. மிஷினை மூடி அலுமாரிக்குள் வைக்காமல் நூல் கோத்தபடி வெளியே வைத்திருங்கள். கால் மணி நேரம் என்றாலும் உட்காரலாம். அப்புறம், இரவுச் சமையல் தினமும் உங்களுடையது மட்டும்தானா? அதையும் வீட்டில் கதையுங்கள்.

கல்லடி, 49: பறவைப் படம் எடுக்கக் கமரா வாங்கினேன். வெறுங்கையோடு திரும்பி அலுத்துவிட்டது.

எந்த மாதம் போனீர்கள்? வலசைப் பறவைகள் பொதுவாக ஒக்டோபரில் வரத் தொடங்கி மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். அதற்குள் நம் மாரி மழையும் உண்டு. மழை குறைந்தபின், பெப்ரவரிக் காலையில் வாவிக்கரைக்குப் போய்ப் பாருங்கள்.

அக்கரைப்பற்று, 50: தூண்டில், சாப்பாடு, பேரப்பிள்ளை, எதிலும் விருப்பமில்லை. ஒரு மாதமாகிறது. தூக்கமும் இல்லை.

இதைப் பொழுதுபோக்குப் பிரச்சினையாக எடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எல்லாவற்றிலும் விருப்பம் அற்றுப்போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருந்தும் ஆலோசனையும் உண்டு. இந்த வாரமே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கு முன் யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால் மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

திருக்கோவில், 55: இந்த வயதில் வயலின் தொடங்கினால் ஊர் சிரிக்காதா?

சிரிக்கும். ஒரு மாதத்தில் ஊருக்கு வேறு கதை கிடைத்துவிடும். பக்கத்து வீட்டாரிடம் மட்டும் எத்தனை மணிக்கு வாசிப்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.