கேள்வி பதில்: புல்லை மென்று துப்பும் குதிரை

கேள்வி: என் பெண் குதிரைக்கு வயது 12. கொஞ்ச நாளாகப் புல்லை மென்று, விழுங்காமல் உருண்டை உருண்டையாகக் கீழே போடுகிறது. உடம்பும் இளைத்துவிட்டது. குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று. முன்பற்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. அரத்தால் பல்லை ராவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வாயைத் திறந்து முழுசாகப் பார்க்காமல் யாரையும் ராவ விடாதீர்கள். முன்பல் புல்லைக் கடித்து இழுக்கத்தான், அரைப்பதெல்லாம் கடைவாயில். அது உதட்டை விலக்கிப் பார்த்தால் தெரியாது.

குதிரையின் பல் வருடத்துக்கு 2 முதல் 3 மி.மீ. வரை ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும், புல்லை மெல்லும்போது கிட்டத்தட்ட அதே அளவு தேயும். ஆனால் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம், அதனால் மேல் பல்லின் கன்னப் பக்கமும் கீழ்ப் பல்லின் நாக்குப் பக்கமும் சரியாகத் தேயாமல் கூராக நின்று, கன்னத்தையும் நாக்கையும் கிழித்துப் புண்ணாக்கும். உங்கள் குதிரைக்கு இது மட்டும்தான் என்றால் ராவினால் போதும். ஆனால் பல்லிடுக்கில் புல் சிக்கி ஈறு அழுகியிருந்தாலும், பல் விரிசல் விட்டு ஆடினாலும் இதே மாதிரிதான் துப்பும், அப்போது ராவுவது மட்டும் உதவாது.

நீங்கள் கையை உள்ளே விட வேண்டாம், கடைவாயில் மாட்டினால் விரல் போய்விடும். வெளியிலிருந்தே கவனியுங்கள். வாய் நாறுகிறதா, தலையைச் சாய்த்து மெல்லுகிறதா, சாணத்தில் நீள நீளமாகப் புல் அப்படியே வருகிறதா? முக்கியமாக, ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தால், மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் பிடித்து அது முகத்து எலும்பின் சைனஸ் அறைக்குள் போயிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

குதிரைப் பல்லில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவராகப் பாருங்கள். மயக்க ஊசி போட்டு, வாய்திறப்பான் மாட்டி, விளக்கும் கண்ணாடியுமாக ஒவ்வொரு பல்லையும் பார்ப்பார். ராவ வேண்டியிருந்தாலும் கூர்முனையை மட்டும் எடுத்தால் போதும். வழவழவென்று தேய்த்துவிட்டால் பல்லுக்கு அரைக்கும் பிடிப்பே போய்விடும், பல்லுக்குள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் கூழ்ப்பகுதிகூடத் திறந்துகொள்ளலாம். அப்புறம் வருடம் ஒருமுறை காட்டுங்கள்.

அதுவரை குதிரைத் தீவனக் குச்சிகளை நன்றாக ஊறவைத்துக் கூழாகக் கொடுங்கள், அரைகுறையாக மென்றது தொண்டைக்குழாயில் அடைத்துக்கொள்ளும் என்பதால் சொல்கிறேன். இரண்டு மூக்கிலும் தீவனம் கலந்து எச்சில் வழிந்தால் அடைத்துவிட்டது என்று அர்த்தம்: தீவனத்தையும் தண்ணீரையும் உடனே எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.