போட்டிக்கு முன் வரும் பதற்றம்: டர்பனில் வாழும் ஒரு தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா,

மெட்ரிக் ஆண்டில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், இருக்கும் உங்கள் மகள் நீச்சல் போட்டிக்கு முந்தைய இரவு உறங்குவதில்லை என்றும், கிங்ஸ் பார்க் குளத்தில் தன் பெயரை அழைப்பதற்குள் வாந்தி எடுத்துவிடுகிறாள் என்றும் எழுதி, மனவலிமை போதாத பிள்ளையை நீச்சலிலிருந்து நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு நிறுத்த வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

விளையாட்டு உளவியலில், பதற்றத்தை உடலில் தோன்றுவது, எண்ணத்தில் தோன்றுவது என இரண்டாகப் பிரித்துப் பார்ப்பார்கள். நெஞ்சு படபடப்பதும், வயிற்றைப் பிசைவதும், கை சில்லிடுவதும் அட்ரினலின் சுரந்து உடல் போட்டிக்கு ஆயத்தமாவதன் அடையாளங்கள். நீரில் இறங்கியதும் அவை பெரும்பாலும் தணிந்துவிடும். ‘தோற்றால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்’ என்ற எண்ணம் அவ்வளவு எளிதில் தணியாது. கவனத்தைக் கலைப்பது பெரும்பாலும் அதுதான்.

2012 லண்டன் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில், நம் டர்பனில் பிறந்த தென்னாப்பிரிக்க வீரர் சாட் லெ க்ளோஸ், அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸை 0.05 நொடியில் வென்றார். அத்தனை நூலிழையில் முடிவாகும் விளையாட்டில் பதக்கம் எவர் கையிலும் இல்லை; மேடையிலிருந்து பாய்வதும், சுவரில் திரும்புவதும், மூச்செடுக்கும் ஒழுங்கும்தான் உங்கள் மகளின் கையில் இருக்கின்றன. ஆகவே, போட்டி முடிந்து காரில் ஏறியதும் ‘எத்தனை நொடி?’ என்று கேட்காமல், அவளாகப் பேசும்வரை காத்திருங்கள். நீங்கள் செய்யக்கூடியவற்றில் இதற்கே நான் முதலிடம் தருவேன்.

அழுத்தத்தைத் தாங்கும் திறன் சிறிது சிறிதாகப் பழகி வருவது. பயிற்சியின்போதே பார்வையாளர்களைச் சுற்றி நிற்கவைத்து, விசில் ஊதி, நேரம் குறித்து நீந்தவைக்கும்படி பயிற்சியாளரைக் கேளுங்கள். மேடையேறுமுன் மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளிவிடுவதை அவள் நாள்தோறும் பழகட்டும். தேர்வறையிலும் அது கைகொடுக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மெட்ரிக் தேர்வு நடப்பதால், அப்போது போட்டிகளை மட்டும் குறைத்துக்கொண்டு, பயிற்சியைக் கைவிடாமல் இருப்பது நல்லது.

வாந்தி தொடர்ந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். போட்டி இல்லாத நாட்களிலும் உறக்கமோ உணவோ குறைந்தால், மருத்துவத் துறையினரைப் பதிவுசெய்யும் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சிலில் பதிவுபெற்ற உளவியலாளரை நாடுங்கள். விளையாட்டு வீரர்களோடு பணியாற்றிய அனுபவம் அவருக்கு உண்டா என்பதை, சந்திக்க நேரம் கேட்கும்போதே விசாரித்துக்கொள்ளலாம். நீச்சலைத் தொடர்வதா, விடுவதா என்பதைத் தேர்வு முடிந்தபின் டிசம்பரில் பேசலாம். அப்போது முதலில் அவள் பேசட்டும்.