கன்சோல் வயர் 40 மீட்டர் தாங்குமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கிராணியாக இருக்கிறேன். கணினி வேலையும் என் தலையில்தான். லோரி நிறுக்கும் கொட்டகையில் உள்ள சிஸ்கோ ஸ்விட்சின் கன்சோலை (அமைப்புகளை மாற்றக் கணினியைச் செருகும் போர்ட்), 40 மீட்டர் தள்ளியிருக்கும் ஆபீசுக்கு இழுக்கலாமா? 15 மீட்டர்தான் எல்லை என்கிறார்களே?

பதில்: வயர் தாங்கும். ஆனால் இழுக்காதீர்கள்.

15 மீட்டர் பழைய கணக்கு. 1969-இல் வந்த ஆர்எஸ்-232-சி தரம், அதாவது கன்சோல் பேசும் சீரியல் முறைக்கான விதி, 50 அடி என்றது. பின்னால் வந்த திருத்தங்கள் நீளத்தை விட்டுவிட்டு, மொத்த மின்தேக்கம் (வயர் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு) 2500 பிக்கோஃபாரடுக்குள் இருக்க வேண்டும் என்றன. லேனுக்குப் போடும் கேட்-5ஈ வயருக்கு மீட்டருக்குச் சுமார் 50 பிக்கோஃபாரட். நாற்பது மீட்டருக்கு 2000, சரிதானே? கன்சோல் வழக்கமாக ஓடும் நொடிக்கு 9600 பிட் வேகத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. 115200-க்கு ஏற்றினால்தான் எழுத்துகள் குப்பையாக வரக்கூடும்.

நீள வயரில் பலர் கோட்டைவிடுவது பிளக்கை மாட்டி கிரிம்ப் செய்யும்போது. கன்சோலில் 3 அனுப்பும் முனை, 6 வாங்கும் முனை. வழக்கமான நிற வரிசையில் இரண்டும் ஒரே பச்சை முறுக்கில் விழும். ஒன்றின் பேச்சு மற்றதில் ஒட்டுக்கேட்கும். நான் 3-க்கு நீலத்தையும் அதன் ஜோடியை 4-ஆம் முனையான கிரவுண்டுக்கும், 6-க்கு ஆரஞ்சையும் அதன் ஜோடியை இன்னொரு கிரவுண்டான 5-க்கும் கொடுப்பேன். மறுமுனையில் எல்லாம் தலைகீழ்.

இவ்வளவும் ஒரே கட்டடத்துக்குள் என்றால். உங்களுடையது இரண்டு கட்டடம், இரண்டு எர்த். லேன் போர்ட்டுக்குள் தடுப்பாகச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. கன்சோலுக்குக் கிடையாது, கிரவுண்ட் நேராக கிரவுண்டோடு சேரும். இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்தம் இந்த வயர் வழியே பாயும். நம் ஊர் சாயங்கால மழையும் இடியும் தெரிந்ததுதான். ஒரு தோட்டத்தில் நானே இப்படி இழுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் மாதம் பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. ஸ்விட்சின் கன்சோல் போர்ட்டும் ஆபீஸ் கணினியும் ஒன்றாகப் போயின. மேனேஜர் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

கொட்டகைக்கு ஏற்கெனவே ஃபைபர் போகிறதென்றால் சும்மா கிடக்கும் இரண்டு இழை போதும். இரு முனையிலும் சீரியலை ஃபைபராக்கும் பெட்டியை வையுங்கள். ஃபைபர் இல்லையென்றால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நடங்கள், 40 மீட்டர்தானே. அப்புறம், கணினியில் யூஎஸ்பி-சீரியல் மாற்றி செருகினால், அதன் யூஎஸ்பி பக்கத்து வயரை மட்டும் 5 மீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள்.