ஏலத்தில் விற்கும் பொருளுக்கு அனுப்புக் கட்டணம் எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் தாத்தா சேர்த்து வைத்திருந்த திருவிதாங்கூர்ச் சக்கரக் காசுகள், அஞ்சல் முத்திரைத் தலைகள், மூன்று பித்தளைக் குத்துவிளக்குகள் ஆகியவற்றை இணைய ஏலத்தில் விற்கத் தொடங்கியிருக்கிறேன். அனுப்புக் கட்டணம் எல்லாவற்றுக்கும் 100 ரூபாய் என்று போட்டேன். தபால் தலை வாங்கியவர், "ஒரு உறைக்கு இவ்வளவா?" என்று வருத்தப்பட்டார். விளக்கை அனுப்பியதிலோ எனக்குக் கைநட்டம் ஏற்பட்டது. எது நியாயமான கட்டணம்?
– வாசகர், தக்கலை

பதில்: பொருளுக்குப் பொருள் எடையும் அளவும் மாறும்போது எல்லாவற்றுக்கும் ஒரே தொகையை வைத்ததால்தான், ஒருவரிடம் கூடுதலாக வாங்கி இன்னொருவரிடம் இழந்திருக்கிறீர்கள். தபால் நிலையத்திலோ கூரியர் அலுவலகத்திலோ நீங்கள் கட்டும் பணம், அதோடு பெட்டி, அட்டை, ஒட்டு நாடா ஆகியவற்றின் செலவு, இவ்வளவுதான் அனுப்புக் கட்டணத்தில் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொருளைத் துடைத்துப் பொதிந்த நேரத்துக்கும், ஆட்டோ பிடித்துத் தபால் நிலையம் போய்வந்த அலைச்சலுக்கும் கூலி வேண்டும் என்றால், அதை ஏலத்தின் தொடக்க விலையில் வையுங்கள். அங்கே அது எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

தபால் தலைகளை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கே கணக்கு எளிது. 1888-இல் சங்கு முத்திரையோடு வெளிவரத் தொடங்கிய திருவிதாங்கூர் அஞ்சல் தலைகளைக் கெட்டியான இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து உறையிலிட்டால் பெரும்பாலும் 50 கிராமைத் தாண்டாது. பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், பத்திரமாகப் போய்ச் சேர வேண்டிய உறைக்கு இப்போது விரைவுத் தபால்தான் வழி. 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டணப்படி, 50 கிராம் வரையுள்ள உறைக்கு, உள்ளூர் தவிர, நாட்டின் எந்த மூலைக்கும் 47 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 55 ரூபாய் 46 காசு. அட்டைக்கும் உறைக்கும் சிறிது சேர்த்து 65 ரூபாய் என்று வைத்தால் மதுரைக்காரரும் குவஹாத்திக்காரரும் ஒரே தொகையைக் கட்டுவார்கள், இருவருக்கும் அது நியாயமாகவே இருக்கும். உங்கள் 100 ரூபாயைப் பார்த்து அவர் வருந்தியதில் தவறில்லை. விரைவுத் தபால் உறையின் மேல் ஒட்டும் சிட்டையில் எடையும் கட்டணமும் அச்சாகியே வருகின்றன என்பதை மறந்துவிடாதீர்கள். பிரிப்பதற்கு முன்பே வாங்கியவர் அதைத்தான் படிப்பார்.

விளக்கின் கதை வேறு. கூரியர் நிறுவனங்கள் பலவும் பொருளின் எடையையும் பெட்டியின் பருமனையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவதே பருமன் எடை. 1.8 கிலோ எடையுள்ள விளக்கை முழுசாக நிறுத்தி, 40-க்கு 20-க்கு 20 பெட்டியில் வைத்தால் பெருக்குத்தொகை 16,000. பருமன் எடை 3.2 கிலோ. கூரியர்கள் பொதுவாக அரைக் கிலோ அடுக்குகளாகக் கணக்கிடுவதால் நீங்கள் கட்டுவது 3.5 கிலோவுக்கு. அதே விளக்கைத் திருகிக் கழற்றி, பாதம், தண்டு, அகல், முகப்பு ஆகியவற்றைத் தனித்தனியே துணியில் சுற்றி 25-க்கு 20-க்கு 16 பெட்டியில் அடுக்கினால் பருமன் எடை 1.6 கிலோவாகக் குறைந்துவிடும். பொதியோடு சேர்ந்த உண்மை எடை 2.3 கிலோ என்றாலும் கட்டணம் 2.5 கிலோவுக்குத்தான். ஒரு கிலோ கட்டணம் மிச்சம், தண்டு வளையாமலும் போய்ச் சேரும். இடைவெளியை நிரப்பத் தேங்காய் நார் நம் ஊரில் கைக்கெட்டும் பொருள்தான். ஆனால் இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஈரம் ஏறிய நாரை வைத்தால் எடையும் கூடும், பித்தளையில் களிம்பும் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த நாரோ பழைய செய்தித்தாளோ போதும்.

ஆகவே, படம் எடுத்து ஏலத்தில் போடுவதற்கு முன்பே பொருளைப் பொதிந்து, பொதியோடு எடை போட்டு, அளவெடுத்துவிடுங்கள். ஏலம் முடிந்தபின் "கூரியர் கூடுதலாகக் கேட்கிறார்" என்று வாங்கியவரிடம் சொல்வது, கைகுலுக்கிய பிறகு விலையை ஏற்றுவதற்குச் சமம். கூரியரில் 150 ரூபாய் என்று சொன்னால், ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். சேர்க்காவிட்டால் அது 177 ஆகிவிடும்.

நம் பக்கத்தில் விற்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. இந்த மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் சேர்ந்திருந்ததால், சக்கரம், பணம், காசு என்ற பழைய திருவிதாங்கூர் நாணயங்களைத் தேடுகிறவர்களில் பலர் கேரளத்தில்தான் இருப்பார்கள். சில கூரியர்கள் தமிழ்நாட்டுக்குள் ஒரு விலை, வெளிமாநிலத்துக்கு ஒரு விலை என்று வைத்திருப்பதால், நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர் தொலைவுகூட இல்லாத திருவனந்தபுரத்துக்கு, 700 கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்னையைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். விரைவுத் தபாலோ மாநில எல்லையைப் பார்ப்பதில்லை, 50 கிராமைத் தாண்டிய பொதிக்கு எடையையும் தொலைவையும்தான் பார்க்கிறது. கேரளத்துக்குப் பொதி அனுப்பும்போது இரண்டையும் விசாரித்துக் குறைந்ததை எழுதுங்கள்.

கட்டணத்தை உயர்த்தி வைத்து அதில் இலாபம் பார்க்கலாம் என்று உங்களுக்கு யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் 10 ரூபாயில் தொடங்கிய ஒரு தபால் தலைத் தொகுப்பை நானே ஏலத்தில் எடுத்தேன். அனுப்புக் கட்டணம் 180 ரூபாய். வந்து சேர்ந்தது அட்டைகூட வைக்காத ஒரு மெல்லிய உறை, ஒரு தலையின் முனை மடிந்திருந்தது. திருப்பி அனுப்பியபோது பொருளின் விலை மட்டும் திரும்பியது, அனுப்புக் கட்டணம் திரும்பவில்லை. விலையைத் தாழ்த்திக் கட்டணத்தை ஏற்றும் இந்த வழக்கத்தில் அநியாயம் ஒளிந்திருக்கும் இடம் இதுதான். ஏலத் தளத்துக்குத் தர வேண்டிய தரகைக் குறைப்பதற்காகவும் சிலர் இப்படிச் செய்தார்கள். அதனாலேயே ஈபே போன்ற தளங்கள் அனுப்புக் கட்டணத்தையும் சேர்த்த மொத்தத் தொகையின் மேல் தரகு கணக்கிடத் தொடங்கின.

கேள்வி: "அனுப்புக் கட்டணம் இலவசம்" என்று போட்டால் ஏலம் கேட்பவர்கள் கூடுவார்களா? ஒரே ஆள் மூன்று பொருளை எடுத்தால் மூன்று கட்டணம் வாங்கலாமா?
– வாசகி, வடசேரி, நாகர்கோவில்

பதில்: நிலையான விலைக்கு விற்கும்போது இலவசம் என்று போடலாம், ஏலத்தில் நான் போட மாட்டேன். 50 ரூபாயில் தொடங்கும் பொருள் 60 ரூபாயிலேயே முடிந்துவிட்டால், கொல்கத்தாவுக்குப் போகும் பொதியின் செலவு உங்கள் தலையில் விழும். அதற்கு அஞ்சித் தொடக்க விலையை உயர்த்தினால், பக்கத்து ஊர்க்காரர் தொலைதூரத்துக்காரரின் செலவையும் சேர்த்துச் சுமக்கிறார்.

மூன்று பொருள் ஒரே உறையில் போகுமானால் ஒரு கட்டணம்தான் வாங்க வேண்டும். எடை கூடி அடுத்த அடுக்குக்குப் போனால் அந்த வேறுபாட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஒரு வாரத்துக்குள் எடுப்பவை ஒரே பொதியில் வரும்" என்று முன்பே எழுதிவிட்டால், ஒன்றை எடுத்தவர் இரண்டாவதையும் பார்ப்பார். காப்பீடு வேண்டுமா என்பதை வாங்குபவரே முடிவு செய்யட்டும். அதைக் கேட்காமல் கட்டணத்துக்குள் நுழைக்காதீர்கள். தொழிலாகத் தொடர்ந்து விற்பவர்கள், மொத்த விலையையும் அதில் அனுப்புச் செலவு எவ்வளவு என்ற பிரிவையும் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் சொல்கின்றன.

கேள்வி: துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பழைய விளக்கையும் காசையும் ஏலம் கேட்கிறார்கள். வெளிநாட்டுக் கட்டணத்தை எப்படிப் போடுவது?
– வாசகர், குளச்சல்

பதில்: கட்டணத்துக்கு முன் பொருளின் வயதைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத காசுகளையும் உலோகக் கலைப்பொருள்களையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அத்தகைய பொருளுக்கு "இந்தியாவுக்குள் மட்டும்" என்றே போட வேண்டும். வயது குறைந்த பொருள்களுக்குத் தபால் நிலையத்தில் அந்தந்த நாட்டுக்கான கட்டணத்தைக் கேட்டு, நாடுவாரியாகத் தனித்தனியே எழுதுங்கள். அந்த நாட்டில் சுங்க வரி வந்தால் அது வாங்குபவர் பொறுப்பு என்பதையும் அதே இடத்தில், அதே எழுத்தளவில் எழுதிவிடுங்கள்.